உடலும் உடையானும்

சிவமயம்

சைவசித்தாந்த நூல்களைப் பயிலத் தொடங்கிய நாள்முதலாக நாம் பலகாற் கேட்டும் பலகாற் சொல்லியும் வருவதொரு பொருளுண்டு. உடல் வேறு, உயிர் வேறு என்பதே அது. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் இதனை நிறுவுதற்கென்றே எழுந்தது. உடலே உயிரென்பாரையும், பொறிகளே உயிரென்பாரையும், பிராணவாயுவே உயிரென்பாரையும், இவையனைத்துங் கூடிய கூட்டமே உயிரென்பாரையும் மறுத்து, இவற்றின் வேறாய், இவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவதோர் ஆன்மா உண்டென்று அச்சூத்திரம் காட்டுகின்றது. இவருள் உடலே உயிரென்பாரை மறுத்தற்குக் கூறப்படும் ஏது மிகச் சுருங்கியது; சிறுவரும் அறியத்தக்கது. ஒருவன் என் கை, என் கால், என் உடம்பு என்று வழங்குகின்றான். என் வீடு, என் மாடு என்னுமிடத்து வீடும் மாடும் அவனின் வேறாதல்போல, என் உடம்பு என்னுமிடத்தும் உடம்பு அவனின் வேறாதல் வேண்டும் என்பதே அது. ஆறாம் வேற்றுமை தற்கிழமையினும் வரும், பிறிதின்கிழமையினும் வரும். ஈண்டு வந்தது பிறிதின்கிழமை என்று கொள்க.

இவ்வேதுவை யாம் பன்முறை பாடஞ் சொல்லியிருக்கின்றேம். ஆயினும் அதனுள் அடங்கிய சுமை இத்துணைத்து என்பதை அறிந்தது ஒரு மடத்திலன்று, ஒரு திருக்கோயிலிலும் அன்று. இறந்தார் உறுப்புக்களைக் கண்ணாடிக் கலங்களில் இட்டு வைத்திருக்கும் ஒரு காட்சிச்சாலையில். அங்குக் கண்டதனையும், கண்டபின் எண்ணியதனையும், எண்ணியதனால் நெஞ்சில் தைத்த ஒன்றனையும் இன்று உங்கள் முன்னிலையில் விண்ணப்பஞ் செய்கின்றேம்.

இலண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தின் தென்புறத்தே சத்திரவைத்தியர்களின் இராயல் கல்லூரி இருக்கின்றது. அதனுள் அமைந்தது ஹண்டர் காட்சிச்சாலை. ஜான் ஹண்டர் என்பார் 1728-ஆம் ஆண்டில் ஸ்காத்துலாந்தில் பிறந்தவர். தம் இருபதாம் வயதில் இலண்டன் போந்து, தமையனார் வில்லியம் ஹண்டர் நடத்திய உடற்கூற்றுப் பள்ளியில் உதவியாளராய்ப் புகுந்தவர். பின்னர்ப் பெருஞ் சத்திரவைத்தியராய் விளங்கினவர். அம்மைக்குப் பசுவின் அம்மையால் தடுப்புக் கண்ட எட்வர்டு ஜென்னர் அவருடைய மாணாக்கருள் ஒருவர். நூலிற் கண்டதனை நம்புதலினும் கையால் அறுத்துக் கண்ணாற் காண்டலே மேலென்பது ஹண்டரின் கொள்கை. அவ்வாறு அறுத்துக் கண்டவற்றுள் ஏறக்குறைய 14,000 பொருள்களை அவர் சேர்த்து வைத்தார்.

1793-இல் அவர் இறந்தபின், வில்லியம் கிளிஃப்ட் என்னும் இளைஞர் சிறுகூலி பெற்றுக்கொண்டு ஆறாண்டு அச்சேகரத்தைக் காத்துக் கிடந்தார். 1799-இல் ஆங்கில அரசாங்கம் 15,000 பவுன் கொடுத்து அதனை வாங்கிச் சத்திரவைத்தியர் சங்கத்தாரிடம் ஒப்புவித்தது. அழியாது வைக்கவேண்டுமென்று இத்துணைப் பாடுபட்ட அதுவும் அழிவுக்குத் தப்பவில்லை. 1941-ஆம் ஆண்டு மே மாதம் பத்தாந்தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை நிகழ்ந்த குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி எரிந்தொழிந்தது. எஞ்சியவையே இன்று காணப்படுவன. 2017-இல் மூடப்பட்டுப் புதுக்கப்பெற்ற அச்சாலை 2023-ஆம் ஆண்டு மே மாதம் மீளவும் திறக்கப்பெற்றது. அதன்பின்னரே யாம் அங்குச் சென்றேம்.

உட்புகுந்தார்க்கு முதலிற் றோன்றுவது அருவருப்பன்று, ஒருவகை அமைதியே. ஒளி ஊடுருவும் கலங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் மதுசாரத்தில் மூழ்கி வெளிறிய குடலும், நெஞ்சாங்குலையும், மூளையும், கருவிற் சிதைந்த மகவும் இருக்கின்றன. ஹண்டர் இவற்றை மக்களுடையன, விலங்குகளுடையன, பறவைகளுடையன என்று பிரித்து வைத்தாரல்லர். இயங்குதல், செரித்தல், குருதியோடுதல், ஈனுதல் என்று தொழில்வகையாற் பிரித்து, ஒரு தொழிற்குரிய உறுப்புப் பல்வேறு உயிர்களிடத்து எவ்வாறு அமைந்துள்ளதென்று நிரலே காட்டினார். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனி பேதமென்று நாம் வாயாற் சொல்லிச் செல்வதன் பொருள் அந்நிரலின்முன் நிற்பார்க்குச் சிறிது விளங்கும். வினைக்கீடாக உயிர்கட்கு வெவ்வேறு கருவி சமைத்துக் கொடுக்கும் பேரறிவு எத்துணை நுண்ணியது என்று யாம் அங்கே கைகுவித்தேம். அருகு நின்ற வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் எம்மை வியப்போடு நோக்கினான்.

அவ்விடத்து எம்மை நெடும்பொழுது நிறுத்தியவை நான்கு மரப்பலகைகள். இத்தாலி நாட்டுப் பாதுவா நகரில் 1646-ஆம் ஆண்டளவில் ஜான் ஈவ்லின் என்னும் ஆங்கிலேயர் இவற்றை வாங்கினார். மனிதவுடலினின்றும் குருதிக்குழாய்களையும் நரம்புகளையும் வேரோடு பிரித்தெடுத்து, ஆள் வடிவு தோன்றும்படி பலகையின்மேற் பரப்பி ஒட்டியிருக்கின்றனர். எலும்பில்லை, தசையில்லை, தோலில்லை, முகமில்லை; ஆயினும் தலையிருந்த இடமும், தோளிருந்த இடமும், விரல் நுனியும் தெரிகின்றன. இலையுதிர்த்த மரமொன்று சுவரிற் சாய்ந்து நிற்பது போல்வதொரு காட்சி. இவர் யாவர்? எவ்வூரினர்? அறிவாரில்லை. பெயர் போயிற்று, நரம்பு நிற்கின்றது.

அப்பலகையின்முன் நின்று யாம் தத்துவங்களை எண்ணலுற்றேம். தத்துவம் முப்பத்தாறும் தாத்துவிகம் அறுபதுமாகத் தொண்ணூற்றாறென்று நம்மவர் வகுத்தனர். அவற்றுள் மயிர், தோல், எலும்பு, நரம்பு, தசை என்னும் ஐந்தும் நிலத்தின் கூறு. குருதியும் மூளையும் உள்ளிட்ட ஐந்து நீரின் கூறு. இக்கலங்களிற் காணப்படுவன இவையே. கத்தி சென்றெட்டிய எல்லை ஏறக்குறைய இத்துணையே. மனமும் புத்தியும் அகங்காரமும் எக்கலத்தினும் இல்லை. காலமும் நியதியும் கலையும் எப்பலகையினும் ஒட்டப்படவில்லை. இதனால் சத்திரவைத்தியரை இகழ்கின்றேமல்லேம். அவர் தமக்கு எட்டியதனைச் செவ்வனே கண்டனர். நாமோ தொண்ணூற்றாறனையும் ஒரு மூச்சில் ஒப்புவித்துவிட்டு, அவற்றுள் ஒன்றனையேனும் அவர் நோக்கியவாறு உற்று நோக்கியதில்லை. தத்துவரூபங் காணாதார்க்குத் தத்துவதரிசனம் யாங்ஙனங் கூடும்? தரிசனமில்லார்க்குச் சுத்தி யாங்ஙனங் கூடும்? பாசத்தைப் பாசமென்று அறிதற்கும் அதனை நன்கு காணல் வேண்டும்.

மற்றொரு கலத்தில் ஒரு சேவலின் தலை இருக்கின்றது. அதன் கொண்டையில் மனிதர் பல்லொன்றை ஹண்டர் நட்டுவைத்தார். அது அங்கே ஒட்டிக்கொண்டது. ஓருடலின் உறுப்பு மற்றோருடலிற் பற்றுமாறு செய்யலாமென்று அவர் காட்ட முயன்ற சோதனைகளுள் இஃதொன்று. சிறுநீரகத்தையும் நெஞ்சாங்குலையையும் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றிவைக்கும் இக்காலத்தே, அக்கலம் சிறியதொரு முன்னறிவிப்பாகத் தோன்றும். உடலின் கூறுகளிற் பரந்துநிற்கும் உயிர்ப்பே ஆன்மா என்பார்க்கு இஃதொரு கடாவாம். சேவலின் குருதியால் அப்பல் பிழைத்ததெனின், பல்லுக்கு முன்னுரியவன் அக்கொண்டையில் எத்துணை இருந்தான்? சேவலைக் கொன்றபோது அவன் நோவுற்றானோ? உற்றிலன். உயிர்ப்பு உறுப்போடு சென்றது, அறிவான் சென்றிலன். உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்டலும் தொழிலும் இல்லாமை கொண்டு பிராணன் ஆன்மாவன்று என மூன்றாஞ் சூத்திரம் மறுத்ததன் உண்மை, அச்சிறிய கலத்தினும் விளங்கக் கண்டு மகிழ்ந்தேம்.

மகிழ்ச்சி இவ்வளவினதே. இனிச் சொல்லப்போவது வேறு.

அச்சாலையில் ஹண்டரின் உருவப்படம் ஒன்று தொங்குகின்றது. ஜோஷுவா ரெய்னால்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1786-இல் தீட்டியது. சிந்தையில் ஆழ்ந்து கையில் எழுதுகோலுடன் ஹண்டர் வீற்றிருக்கின்றார். படத்தின் மேற்புறத்து வலது மூலையில், நீண்ட இரண்டு கால்களின் எலும்பு மாத்திரம் தொங்கிக் காண்கின்றது. அவை சார்லஸ் பைர்ன் என்பாருடைய கால்கள்.

பைர்ன் 1761-இல் அயர்லாந்தில் பிறந்தவர். வளர்ச்சி மிக்கதொரு நோயினால் 7 அடி 7 அங்குலம் உயர்ந்தார். 1782-இல் இலண்டன் வந்து, காசு கொடுப்பார்க்குத் தம் உடலைக் காட்டிப் பிழைத்தார். மறுவாண்டு ஜூன் மாதத்தில், இருபத்திரண்டு வயதில் இறந்தார். உடற்கூறு அறுப்பார் தம் பிணத்தைக் கைக்கொள்ளக் காத்திருக்கின்றனர் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் தம் உடலை ஈயப்பெட்டியில் அடைத்துக் கடலில் இடும்படி நண்பரை வேண்டிக்கொண்டாரென அக்காலத்துச் செய்திகள் கூறும். ஆயினும் உடல் கடலைச் சேரவில்லை. ஹண்டர் பெரும்பொருள் கொடுத்து அதனை மறைவாகப் பெற்றார். அப்பொருள் 500 பவுன் என்பர். தசையை நீக்கி எலும்பைச் சில ஆண்டு மறைத்து வைத்திருந்து பின்னர் வெளிப்படுத்தினார். இருநூறு ஆண்டுக்கு மேலாக அவ்வெலும்புக்கூடு வருவார் போவார் கண்டு வியக்கும் பொருளாய் நின்றது. அதனை இனிப் பார்வைக்கு வைப்பதில்லையென்று 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அச்சாலையினர் அறிவித்தனர். ஆராய்ச்சியின் பொருட்டுக் கல்லூரியே அதனை வைத்துக்கொள்ளும் என்றும் கூறினர். எனவே யாம் சென்ற காலத்து எலும்பைக் காணவில்லை. படத்திலுள்ள கால்களையே கண்டேம்.

அக்கால்களை நோக்கி நின்றபோது மூன்று சொற்கள் எம் செவியிற் பட்டனபோல் இருந்தன. எனது உடலைக் கடலில் இடுக என்றார் பைர்ன். எனது சேகரம் என்றார் ஹண்டர். எமது உடைமை என்றது கல்லூரி. ஓர் எலும்பின்மேல் மூன்று ஆறாம் வேற்றுமை. இம்மூன்றனுள் எது மெய்?

நம் சித்தாந்தத்தின்படி மூன்றும் மெய்யல்ல. உடல் மாயையினின்றும் தோன்றியது. உயிர் வினையை நுகர்ந்து கழித்தற்பொருட்டு இறைவன் கூட்டிக் கொடுத்தது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இரவற்பொருளே. நான்கற்கும் உடையான் ஒருவனே. ஆதலின், எனது உடல் என்று சொன்ன பைர்னும் தமதல்லாததனையே தமதென்றார். இதுகாறும் எளிது. நம்மவர் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவர். நின்றுவிட்டு, உடல் சடம். உயிர் நீங்கியபின் அது கட்டை. கட்டையைக் கடலிலிட்டாலென், காட்சிச்சாலையில் வைத்தாலென் என்று முடிவு கூறுவாருமுளர். அம்முடிபு பொருந்துமா என்பதே இன்றைய ஆராய்ச்சி.

திருமடத்துக் கருவூலத்தை நோக்குக. கருவூலங் காக்கும் தம்பிரான் சுவாமிகள் அதிலுள்ள ஒரு காசையும் தமதென்னார். அது சொக்கநாதப் பெருமானுடையது என்பர். அவர் அங்ஙனஞ் சொல்லக் கேட்ட ஒருவன், உமதன்றாயின் நான் எடுத்துச் செல்கின்றேன் என்று கைவைப்பானாயின் அவனை என்னென்பேம்? கள்வனென்பேம். அவருடையதன்று என்பதனால் இவனுடையதாகிவிடாது. உடையான் எவரிடம் ஒப்புவித்தானோ அவர்க்கே அதனைக் காக்குங் கடன் உண்டு. அவர் கடன் முடிவெய்தும்போது அது எங்குச் சேரவேண்டுமென்று சொல்லுந் தகுதியும் அவர்க்கே உண்டு. உடலும் அத்தகையது. உயிர்க்கு அதன்மேல் உடைமையில்லை, ஒப்படையுண்டு. உனதன்று என்னும் சித்தாந்த வாக்கியம் ஒவ்வொருவனும் தன் நெஞ்சை நோக்கிச் சொல்லிக்கொள்ளற்பாலது. பிறன் பொருளை நோக்கிச் சொல்லற்பாலதன்று. தன்னை நோக்கிச் சொல்லின் அது ஞானம். பிறனை நோக்கிச் சொல்லின் அதுவே களவுக்குத் திறவுகோல்.

திருமயிலைச் சிவநேசரை நினைமின். அரவு தீண்டி இறந்த மகளை எரித்தபின், எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்தார். காத்தது தம் மகளென்னும் பற்றினாலன்று. அவளைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார்க்கென்று முன்னரே உரிமை செய்துவிட்டமையால், உரியார் வரும்வரை வைத்திருந்து ஒப்புவித்தற்பொருட்டே. குடத்திலிருந்ததும் எலும்பு, காட்சிச்சாலையிலிருந்ததும் எலும்பு. முன்னது அடைக்கலப்பொருளாய் இருந்தது. பின்னது கொள்ளைப்பொருளாய் இருந்தது. இவ்வேறுபாடு எலும்பிலன்று, வைத்தார் நெஞ்சிலுள்ளது.

அற்றேல், அவ்வெலும்பினால் உலகிற்கு நன்மை விளைந்ததே எனக் கடாவுவாருமுளர். விளைந்தது உண்மையே. 1909-இல் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க மருத்துவர் அம்மண்டையோட்டை ஆராய்ந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி தங்கும் குழி பெருத்திருத்தலைக் கண்டார். அவ்வுயரத்திற்கு ஏது அச்சுரப்பியிலெழுந்த கட்டியென்பது அதனால் தெளிவாயிற்று. 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், அவர் பல்லினின்றும் எடுத்த மரபுக்கூற்றில் ஒரு மாற்றங் காணப்பட்டது. அதே மாற்றம் வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பத்தாரிடத்தும் இருத்தல் தெரியவந்தது. அக்குடும்பத்துப் பிள்ளைகளை முன்னரே சோதித்துக் காத்தற்கு இவ்வறிவு பயன்படும். இஃது அறமே. ஆயினும் நம் நூல்கள் வினையை எங்ஙனம் வகுக்கின்றன என்பதை மறத்தலாகாது. நல்வினை தீவினையைக் கழுவிவிடுவதில்லை. இரண்டும் தனித்தனி நின்று தத்தம் பயனைத் தரும். நோய்க்கு ஏதுக் கண்டது ஒரு வினை. இறப்பார் ஒருவர் அஞ்சி வேண்டிக்கொண்டதனை மிதித்தது மற்றொரு வினை. பின்னதனை முன்னதன் கணக்கில் எழுதித் தீர்த்துவிடுவது வணிகர் கணக்கு, சிவபிரான் கணக்கன்று.

இன்னுமோர் ஐயம் நூல்வல்லார்க்கு எழும். சுந்தரநாதராய் வந்த சிவயோகியார் சாத்தனூரில் மூலன் என்னும் இடையனுடலிற் புகுந்து திருமூலராயினாரன்றோ? மூலன் இசைவு பெற்றோ புகுந்தார் என்பது அது. நன்கு வினாயினீர். அவர் புகுந்தது அவ்வுடலைக் காட்சிப்பொருளாக்குதற்கன்று; மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின் துயர் நீக்குதற்கு. மூலன் உயிரோடிருந்தால் எதனைச் செய்திருப்பானோ அதனையே அவனுடலால் அவர் செய்தார். பசுக்களை வீடு சேர்த்தார். மூலன் மனைவி வந்து தொடப்புக்கபோது, தமக்கும் அவளுக்கும் தொடர்பில்லையென்று விலகிப் பொதுமடம் புகுந்தார். பிறனுடலிலிருந்தும் அவன் உடைமை ஒன்றனையும் தமதென்றிலர். தம் பழைய உடலைக் காணாதபோதும் அதற்காக வருந்தினாரல்லர். இறைவன் திருவுள்ளம் இதுவென்று தெளிந்தார். உடலை எவ்வாறு கொள்ளல் வேண்டும், எவ்வாறு விடல் வேண்டும் என்னும் இரண்டற்கும் அவரே இலக்கியம்.

ஹண்டருடைய முடிவையுஞ் சொல்லிவிடுதல் முறை. நெஞ்சுநோயால் நெடுநாள் வருந்திய அவர், தாம் தொழில் புரிந்த மருத்துவசாலையிற் கூடிய கூட்டமொன்றில் எழுந்த சொற்போரின் இடையே சாய்ந்து உயிர்நீத்தார். அவருடலும் அறுத்து ஆராயப்பட்டது; நெஞ்சாங்குலைக்குக் குருதி கொடுக்கும் குழாய்கள் இறுகியிருத்தல் காணப்பட்டது. பின்னர் ஒரு கோயிலின் நிலவறையில் அடக்கப்பட்டார். 1859-இல் அவர் பெட்டியைப் பல பெட்டிகளிடையே தேடியெடுத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அரசரும் புலவரும் கிடக்குமிடத்தே மரியாதையுடன் மீள அடக்கினர். பிறர் உடலுக்கு அவர் கொடாத மதிப்பு அவருடலுக்குக் கிடைத்தது. இதனைக் குறைகூறுதற்காகச் சொல்லவில்லை. உடல் கட்டையே என்பாரும், தமக்கு அன்புடையார் உடலைக் கட்டையென்று கருதுவதில்லை என்பதை அறிதற்கே சொன்னேம்.

ஆங்கில நாட்டில் 2004-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அதன்படி, இறந்தார் உடலைக் கற்பிக்க அறுப்பதற்கும் பொதுமக்கள் காணவைப்பதற்கும், அவர் உயிரோடிருக்கையில் சான்றோடு எழுதிய இசைவு வேண்டும். மகன் இசைவும் மனைவி இசைவும் போதா. அவ்வுடலில் எவர் குடியிருந்தாரோ அவர் சொல்லே சொல். சித்தாந்தம் அறியாதார் இயற்றிய சட்டமாயினும், ஒப்படை உயிர்க்குரியது என்னும் நம் கருத்தோடு இஃது ஒத்திருத்தல் கண்டு வியந்தேம். வியந்த அப்பொழுதே நெஞ்சிற் றைத்தது, யாம் முன்னர்ச் சொல்வதாகக் கூறிய முள்.

இவ்விடத்து யாம் என்னும் பன்மையை விடுத்து, யான் என்றே சொல்லக் கடவேன்.

என் தமையனார் ஒருவர் இருந்தார். விசேட தீக்கை பெற்றவர். பள்ளியாசிரியராய் இருந்து, மாலைதோறும் சிறுவர்க்குத் திருமுறை பயிற்றியவர். நெடுநாள் நோயுற்று மருத்துவராற் பலகாற் பிழைத்தெழுந்தார். எத்தனையோ பெயரறியாதார் உடலைப் பார்த்துக் கற்றதனாலன்றோ இவர் என் உடலைச் செப்பஞ் செய்கின்றனர் என்று அடிக்கடி சொல்வார். தாம் இறந்தபின் தம் உடலை மருத்துவம் பயிலும் மாணாக்கர்க்குக் கொடுத்துவிட வேண்டுமென்று தம் கையால் ஒரு தாளில் எழுதிப் பஞ்சாங்கத்தினுள் மடித்து வைத்திருந்தார். அவர் சிவபதமடைந்த அன்று அவர் மகன் அத்தாளை எடுத்துவந்து என் கையிற் கொடுத்தான். குடும்பத்தில் மூத்தவன் யான். தாளைப் படித்தேன், மடித்தேன். அந்தியேட்டி தவறிவிடும் என்றேன். அப்பாவின் விருப்பமல்லவா பெரியப்பா என்றான். விருப்பம் உயிரினது, அவர் இப்போது இவ்வுடலில் இல்லை, இக்கட்டைக்கு விருப்பமேது என்று, மூன்றாஞ் சூத்திரத்தையே எடுத்துக்காட்டி அவன் வாயை அடைத்தேன். சுடலைக்குக் கொண்டுசென்றேம். அவன் பின்னர் அதுபற்றி ஒருசொல்லும் சொல்லவில்லை.

இங்கே ஒரு பிழையை நீங்கள் கண்டிருப்பீர்கள். தமையனார் என்றேன், பெரியப்பா என்று அவர் மகன் அழைத்ததாகவும் மூத்தவன் யான் என்றும் சொன்னேன். அவர் என் பெரியதாயார் மகன். எனக்கு ஒருதிங்கள் இளையவர். நீறணிந்து நின்ற அவர் நிலைகண்டு யானே அவரைத் தமையனாரென்று அழைத்துவந்தேன். அத்துணை மதித்தவன்தான் அவர் எழுத்தை மடித்து வைத்தேன்.

ஹண்டர், வேண்டாமென்று இரந்தவரின் உடலை எடுத்துக்கொண்டார். யான், கொடுக்கவேண்டுமென்று எழுதியவரின் உடலைக் கொடாது தடுத்தேன். செயல் எதிர்மறை, சொல் ஒன்றே. அவர் இப்போது அவ்வுடலில் இல்லையே என்பதுதான் இருவர் வாயினும் வந்த சொல். படத்திலிருந்த அவ்விரு கால்களையும் நோக்கி யான் நின்றது அதனாலேதான். ஞானநூல் கற்ற எனக்கும், கத்தியே நூலாகக் கொண்ட அவர்க்கும் இவ்விடத்தில் வேற்றுமையில்லை. சொல்லப்போனால் என் பிழையே பெரிது. அவர் அறியாது உடலைக் கட்டையென்றார். யான் மெய்கண்டார் வாக்கைக் கொண்டு கட்டையாக்கினேன்.

ஊர் திரும்பியதும் அவர் மகனிடஞ் சென்று இதனைச் சொன்னேன். அவன் சிறிதுநேரம் பேசாதிருந்து, உள்ளே சென்று அப்பழைய பஞ்சாங்கத்தை எடுத்துவந்தான். தாள் அதனுள்ளேயே இருந்தது. இத்தனை ஆண்டும் அதனை அவன் காத்திருக்கின்றான்.

மெய்யன்பர்களே, அந்தியேட்டியைச் சிறிதென்று கருதி இதனைச் சொல்லவில்லை. தீக்கை பெற்றார்க்கு ஆகமம் விதித்த கிரியை அவர் உயிரின் நலத்திற்கே விதிக்கப்பட்டது. அதனைப் புறக்கணித்தல் கூடாது. அவ்வாறே ஆதீனத்துப் பெருமக்கள் திருமேனியைச் சமாதியில் எழுந்தருளச் செய்யும் மரபும் இவ்வாராய்ச்சிக்குள் வருவதன்று. அத்திருமேனி அடியார் வழிபடுங் குறியாதலின் அதன் நிலை வேறு. யாம் விண்ணப்பிப்பது இல்வாழ்வார் நிலைபற்றியே. கடலில் மாண்டாரும் சேயநாட்டில் மாண்டாருமாகிய, உடல் கிடையாதார்க்குத் தருப்பையாற் பாவை செய்து கிரியை நடத்துதல் நம்மவர் வழக்கிலுண்டு. கல்விக்கென்று உடலைக் கொடுத்தார்க்கும் அவ்விதி பொருந்துமா, அன்றி உடலைக் கொடுக்குமுன் செய்யத்தக்கன வேறுளவா என்பதை ஆகமங்களிலும் பத்ததிகளிலும் வல்ல பெரியோர் ஆராய்ந்து தெளிவிக்கவேண்டும். இவ்வினா இனி நம் வீடுகளில் அடிக்கடி எழும். விடையறியாது நிற்கும் மூத்தவன் ஒருவன், யான் செய்ததையே செய்துவிடக்கூடும்.

அவ்விடை வரும்வரையிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் உயிரோடிருக்கையிலேயே தம் உடலை எரித்தல் வேண்டுமோ, புதைத்தல் வேண்டுமோ, கல்விக்குக் கொடுத்தல் வேண்டுமோ என்பதைத் தம் மக்களிடம் தெளியச் சொல்லி, எழுதியும் வைத்தல் வேண்டும். கேட்ட மக்கள் அதனை வேதாந்தம் பேசி மறுத்தலாகாது. அடைக்கலப்பொருளைக் காத்தவன் கணக்கு ஒப்புவிக்கும்போது இடைமறிப்பாரைக் கருவூலத்தார் ஏற்பதில்லை.

உடல் வேறு, உயிர் வேறு என்று இனி யாம் பாடஞ் சொல்லும்போது, அதனோடு ஒன்று கூட்டியே சொல்வோம். வேறாயிருத்தல் விட்டெறிதற்கு ஏதுவன்று, பொறுப்பிற்கு ஏதுவாம். பிறிதின்கிழமையாகிய பொருளைத் தற்கிழமைப் பொருளினும் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளுதல் நல்லோர் இயல்பு. இரவல் வாங்கிய ஏட்டுச்சுவடியை நம் சுவடியினும் நாம் பேணுவதில்லையா? இவ்வுடல் அவ்வாறு வாங்கிய சுவடி. வாசித்து முடித்தபின், கொடுத்தவன் திருவுள்ளத்திற்கிசைய அடுத்த மாணாக்கனுக்கும் அதனைக் கொடுக்கலாம், அக்கினிக்கும் கொடுக்கலாம். பிறர் பிடுங்கலாகாது, பிறர் மறுக்கவுமாகாது.

உடையானுக்கு உடைமையை ஒப்புவிக்கும் நாளில் நம் கை நடுங்காதிருக்க அவன் திருவருளே துணையாகுக.

திருச்சிற்றம்பலம்